வெளியே காயாத வேட்டி

எங்கள் வீட்டில் வெள்ளைத் துணியை வெளியே காயப்போடக் கூடாது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அடுப்பு சுடும் என்று தெரிந்ததுபோல இதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா கோயிலுக்கு மட்டும் கட்டுகிற வேட்டி, என் பள்ளிக்கூடச் சட்டைகள், தலையணை உறைகள் எல்லாம் பின்னறையில், மின்விசிறிக்கு அடியில் இழுத்துக் கட்டிய கயிற்றில்தான் தொங்கும். கலர் துணிகளுக்கு மொட்டை மாடியும் வெயிலும் காற்றும். வெள்ளைக்கு வீட்டுக்காவல்.

ஸ்ரீவராகத்தில் அக்ரஹாரம் முடிந்து தெரு திரும்புகிற இடத்தில் எங்கள் வீடு. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், நாகர்கோவில் பக்கம் இருந்த நிலத்தை விற்று இதை வாங்கினார். எங்கள் மாடியில் ஏறினால் தெருவின் எல்லா மாடிகளும் தெரியும். எல்லாவற்றிலும் வெள்ளை வேட்டிகள். இந்த மலையாள ஊரில் ஆண்பிள்ளை என்றால் வெள்ளை முண்டுதான். கல்யாணத்துக்கும் வெள்ளை, ஊர்வலத்துக்கும் வெள்ளை, சாவுக்கும் வெள்ளை. அப்பா மட்டும் வீட்டில் நீலக் கைலி, வெளியே காக்கி பேண்ட். கோயிலுக்குள் பேண்ட்டோடு போக முடியாது என்பதால் அந்த ஒரு வேட்டி.

"தெரு முழுக்க வெள்ளை தொங்குது. நம்ம வீட்டு வெள்ளை மட்டும் என்ன பாவம் செஞ்சுது?" என்று மழைக்காலத்தில் அம்மா கேட்பாள்.

"அவங்க காயப்போடுகாங்க. நான் போட்டா அது வேற," என்பார் அப்பா. அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

ஜூன் பிறந்தால் என் சட்டைகள் காயவே காயாது. ஈர வாடையோடுதான் பள்ளிக்கூடம் போவேன். பக்கத்து பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் உணங்கியில்லே?" என்று மலையாளத்தில் கேட்பாள். காயவில்லைதான், என்ன செய்ய? அப்பாமேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இன்றைக்கும் மழை நாளில் அந்த வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறும். அது என் குழந்தைப்பருவத்தின் வாடை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

அப்பாவிடம் வேறு சில விசித்திரங்களும் இருந்தன. பழவங்காடிப் பிள்ளையார் ராணுவத்தாரின் பிள்ளையார். கோயிலைப் பார்த்துக்கொள்வதே அவர்கள்தான். ஊரே அங்கே வந்து தேங்காய் உடைக்கும். காய் சிதறும் சத்தம் கிழக்குக்கோட்டையில் பஸ்சுக்கு நிற்பவர்கள் காதுவரை வரும். அப்பா எப்போது போனாலும் எங்களுக்காக ஒரு காய் உடைப்பார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுப்பார். "இது யாருக்கு?" என்று கேட்டால், "வேற ஒரு ஆளுக்கு," என்பார். செத்துப்போன பட்டாளத்துக் கூட்டாளி யாராவது இருக்கும் என்று அம்மாவும் நானும் எங்களுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தோம்.

ஒரு விடுமுறையில் பொன்முடிக்குப் புறப்பட்டோம். மலையடிவாரத்தில், கல்லாற்றில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தபோது மூடுபனி இறங்கியது. மேலே இருந்த மரங்கள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு பாதை காணாமல் போனது. பிறகு எதிர்க்கடை. அந்த வெள்ளைக்குள் ஆற்றின் சத்தம் மட்டும் இருந்தது. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. உள்ளே ஓடிப்போய் நானும் காணாமல் போக ஆசையாக இருந்தது. அப்பா டீயைப் பாதியில் வைத்தார். "மேல போவண்டாம்," என்றார். அழுதேன், அடம்பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆற்றங்கரை உருண்டைக் கல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைத் தின்றோம். அப்பா சாப்பிடவில்லை. பனிக்குள்ளிருந்து யாரோ வரவேண்டியிருக்கிறது என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் யாரும் வராமல் நாங்கள் வீடு திரும்பினோம்.

வளர்ந்து சட்டம் படித்தேன். சட்டக் கல்லூரியிலேயே வேலையும் கிடைத்தது. சொத்துரிமைச் சட்டம் எடுக்க, குற்றவியல் எடுக்க, ஆள் அடித்துக்கொண்டு வந்தார்கள். போர்ச் சட்டத்தை எடுக்க ஒருவரும் இல்லை. புதிதாக வந்தவள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். கட்டியது கட்டியதுதான், இன்றுவரை அவிழ்க்கவில்லை. எனக்கும் பிடித்துப்போய்விட்டது. மனிதன் மனிதனைக் கொல்ல இறங்கிய இடத்திலும், இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவர் எழுந்து மலையாளம் கலந்து கேட்பார். "யுத்தத்தில் இதெல்லாம் யார் நோக்கும், டீச்சர்?"

"சிக்னலில் சிவப்பைத் தாண்டிப் போகிறவன் இருக்கிறான். அதற்காக விளக்கைப் பிடுங்கிப் போடுவோமா?" என்பேன். எனக்கு என் பதில்மேல் கொஞ்சம் பெருமை உண்டு.

பிறகு பாடத்துக்கு வருவேன். காயம்பட்டவனைத் தாக்கக் கூடாது. ஆயுதத்தைப் போட்டவனைத் தாக்கக் கூடாது. வெள்ளைக் கொடி என்றால் தோற்றுவிட்டேன் என்று மட்டும் அர்த்தமில்லை. சுடாதே, பேசலாம் என்பதுதான் முதல் அர்த்தம். அதைக் காட்டியவனைச் சுடுவது குற்றம். அதைக் காட்டி ஏமாற்றிக் கொல்வதும் குற்றம். ஏன் என்றால், ஒருவன் அப்படி நடித்துவிட்டால், அடுத்து உண்மையாகவே வெள்ளை காட்டி வருகிறவனை யாரும் நம்பமாட்டார்கள். இதையெல்லாம் தொண்டை வறளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். பின்னறையில் வேட்டி மின்விசிறிக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். அதை மடித்து வைத்துவிட்டுக் காபி போடப் போவேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் வாத்தியாரே மக்கு.

அம்மா போனபிறகு அப்பாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு மாத்திரை, பிறகு அம்மா இறந்தது. அதற்குப் பிறகு நான். தெருவில் எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அவரும் ஒருநாள், "டீச்சர், கொஞ்சம் தண்ணி தருவியளா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரை வாங்கிக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போனது போக மிச்சமிருந்தது பட்டாளம்தான். நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு போரில் அப்பா முன்வரிசையில் இருந்தார். அதைப்பற்றி வாழ்நாளில் வாய் திறந்ததில்லை. இப்போது காலையில் எழுந்ததும் போர்வையை நான்கு மூலையும் சரியாக மடித்து வைத்துவிட்டு, உத்தரவுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார்.

மார்ச் மாத வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாடிக் கதவைப் பூட்ட மறந்திருக்கிறேன். அப்பா மேலே போய்விட்டார். பதறிக்கொண்டு ஏறினால், கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி நிற்கிறார். எதிரே தெருவின் மாடிகள் எல்லாம் விரிந்து கிடக்கின்றன. வேட்டிகள் காற்றில் உப்பி எழுந்து, படுத்து, மறுபடி எழுகின்றன. கண் கூசுகிற வெள்ளை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பாத்தியளா டீச்சர்? எல்லாரும் வெள்ளை காட்டியாச்சு," என்றார். "சண்டை முடிஞ்சு போச்சு. இனி ஒருத்தரும் சுடப்பிடாது."

கீழே வந்ததும் நாற்காலியை வராந்தாவிலிருந்து கேட் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலில் வந்தவர் பால் வாங்கப் போன ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

"சாப்பிட்டியளா? தண்ணி கிட்டிச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ஆச்சு, ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே அவர் போனார்.

அடுத்து வந்தவரையும் கேட்டார். அதற்கடுத்து வந்தவரையும். எனக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஊரே சரணடைந்துவிட்டது. காவலுக்கு அப்பா ஒருவர்தான். பிடிபட்டவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கவேண்டியது பிடித்தவனின் கடமை. நான் பக்கம் பக்கமாக நடத்துகிற பாடம். அப்பா அதைச் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் கோடை எனக்கு ஒரு கனவுபோலத்தான் நினைவில் இருக்கிறது. எங்கள் தெரு ஒரு கைதிமுகாமாக இருந்தது. கைதிகள் காலையில் கோயிலுக்குப் போனார்கள், காய்கறி வாங்கினார்கள், ஸ்கூட்டரில் ஆபீஸ் போனார்கள். கேட்டைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று, சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோயில் மணி கேட்கும், வேப்பம்பூ உதிரும், அப்பா ஓர் ஆள் விடாமல் விசாரித்துக்கொண்டிருப்பார். அந்த வரிசையில் எத்தனையோ பேர் அதற்கு முன் எங்களோடு பேசியதே இல்லை.

எதிர்வீட்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்பதற்காகப் போனேன். தெருவில் என்ன பேசுகிறார்களோ என்று எனக்குக் கூச்சம்.

"நன்னாருக்கு போ," என்றாள் மாமி. "எங்காத்துல இத்தனை பேர் இருக்கா. நீ சாப்ட்டயான்னு என்னை ஒருத்தர் கேட்டதுண்டோ? உங்கப்பா தினம் கேக்கறார். நான் அவர் கைதியாவே இருந்துட்டுப் போறேன்."

ஒருநாள் மாமி வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், அப்பா மாமியை விசாரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி. நான் கோபத்தோடு எழுந்தேன். அதற்குள் அப்பா எழுந்து, மாமிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டார்.

"படம் எடுக்கப்பிடாது," என்றார். "இவங்க நம்ம பொறுப்பில இருக்காங்க. வேடிக்கை காட்டப்பிடாது."

பிடிபட்டவரை வேடிக்கைப்பொருள் ஆக்கக் கூடாது என்பதை நான் ஒரு வகுப்பு முழுக்க விளக்குவேன். அப்பா அதைச் செய்து காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுவாங்கினார். மறதி எல்லாவற்றையும் தின்றுவிட்டு இதை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பெருமைப்பட்டேன். என் அப்பா எப்படிப்பட்ட சிப்பாயாக இருந்திருப்பார் என்று மனதுக்குள் ஒரு படம் வரைந்து மாட்டிவைத்துக்கொண்டேன்.

பிறகு மழை வந்தது.

முந்தின நாள்வரை வெயில். அன்று சாயங்காலம் கடல் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. முதல் தூறல் விழுந்ததும் தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன, கொலுசுகள் மாடிப்படி ஏறின, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாக் கயிறுகளும் காலி. அப்பா அப்போது மாடியில்தான் இருந்தார்; சாயங்காலம்தோறும் நானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவது வழக்கமாகியிருந்தது. வெள்ளை ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ இடி இடித்தது.

"யாரு?" என்று கத்தினார். "யாருலே சுட்டது?"

கீழே கொண்டுவந்து துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பா சாப்பிடவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா செங்கோட்டைக்காரர். என்னைவிடப் பொறுமைசாலி. "தட்ட நீட்டுனா வாய இறுக்கிக்கிடுதாரு," என்றார். "கொஞ்சம் கஞ்சித் தண்ணியாவது குடிங்கய்யான்னு கெஞ்சிப் பாத்தேன். மாட்டேங்காரு."

மாமி குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே வந்து நின்றாள். "மாமா, நான் இருக்கேன் பாருங்கோ. எனக்கு ஒண்ணும் ஆகலை. எல்லாரும் சௌக்கியமா இருக்கோம்."

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க இருக்கிய," என்றார். "அவன் வரலியே."

"யாரு அவன்?" என்று நான் கேட்டேன்.

அவர் சொன்னார். ஒரே மூச்சில் அல்ல. மழை விட்டுவிட்டுப் பெய்ததுபோல, கொஞ்சம் சொல்வார், நிறுத்துவார், வேறு எங்கோ போவார், திரும்ப வருவார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன்.

விடியற்காலை. வயல்காடு. மூடுபனி. எதிரே ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒருவன் வருகிறான், எதிர்ப்பக்கத்துக்காரன். தலைக்கு மேல் தூக்கிய கையில் வெள்ளைத் துணி, அவனுடைய பனியன். துப்பாக்கி கிடையாது. செருப்புகூடக் கிடையாது. அதற்கு முன்பு அதுபோல வெள்ளை காட்டி வந்த ஒருவன் குண்டு எறிந்தான் என்று பட்டாளத்தில் பேச்சு இருந்திருக்கிறது. நடந்ததோ இல்லையோ, பேச்சு இருந்தது.

"பாத்தேன் டீச்சர்," என்றார். "வெள்ளைய நல்லாப் பாத்தேன். சுடப்பிடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் வெரல் நிக்கல்ல. அவன் துணியைக் கீழ விடாமலே விழுந்தான்."

யாரும் கேட்கவில்லை. பனியில் யார் சுட்டது என்று யாருக்குத் தெரியும்? போர் முடிந்தது, அப்பா ஊருக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், என்னைப் பெற்றார். தன் வீட்டு வெள்ளையை மட்டும் வெளியே விடவில்லை. பழவங்காடியில் இன்னொரு தேங்காய் உடைத்தார்.

"அந்த ஆளு பாக்கி இருக்கான்," என்று முடித்தார். "மத்தவங்க எல்லாம் வந்தாச்சு. அவன் வந்து ஒரு வாய் சாப்பிட்ட பெறவு நான் சாப்பிடலாம்."

நான் எழுந்து உள்ளே போனேன். எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். மனதில் மாட்டியிருந்த அந்தப் படம் என்மேலேயே விழுந்து உடைந்தது. வகுப்பில் இதே கதையைப் பெயரில்லாமல் சொல்லி, இது என்ன குற்றம் என்று கேட்டால், கடைசி பெஞ்சுக்காரர்கூடச் சரியாகச் சொல்வார். செருப்பில்லாமல் வந்த அந்த ஒருவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கே யாரோ வாசலைப் பார்த்துப் பார்த்துக் கிழடாகியிருப்பார்கள். இவர் இங்கே காக்கி பேண்ட் போட்டுக்கொண்டு என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டார். அவர் என்னைத் தூக்கிய கைகளை நினைத்தேன். அந்த வலதுகை ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடை பழகியிருப்பேன்.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்குவழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். இந்த நிலையில் இருப்பவர்கள் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் கையைக் கட்டிலோடு கட்டவேண்டி வரும் என்றும் சொன்னார். நல்ல மனிதர், சொல்லத் தயங்கித்தான் சொன்னார். மறுநாள்வரை பார்ப்போம் என்று போனார்.

அந்த மறுநாள் மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்து, தூறலும் ஆவியுமாகத் தெரு வெளுத்துக் கிடந்தது. அப்பா வராந்தாவில் நாற்காலியில் சுருண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் கஞ்சி, மூடிவைத்தபடி. நான் பின்னறை வாசலில் நின்று கயிற்றில் தொங்கிய வேட்டியையே பார்த்தேன்.

செய்யலாமா? அந்த ஆளாக நிற்க நான் யார்? செத்தவன் சார்பில் மன்னிக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. போதாததற்கு, சரணடைவதுபோல் நடிப்பது குற்றம் என்று ஆண்டுக்காண்டு கரும்பலகையில் எழுதுகிறவள் நான். கொல்வதற்காக நடித்தால் இன்ன பிரிவு. கஞ்சி குடிக்கவைப்பதற்காக நடித்தால் என்ன பிரிவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் அவரை மன்னிக்கப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவன் வெள்ளை காட்டி வந்தால் சுடக் கூடாது, உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். அவ்வளவுதான் விதி. அது ஒரு தடவையாவது இவர் கையால் நடக்கட்டும். கையைக் கட்டுவதற்கு முன்னால் நடக்கட்டும்.

வேட்டியை உருவினேன். கட்டுவதற்கு அகப்பட்டது ஒட்டடைக் கம்புதான். நுனியில் வேட்டியை முடிந்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, புழக்கடை வழியாகச் சந்தில் இறங்கி, தெருமுனையைச் சுற்றி வீட்டின் முன்பக்கம் வந்தேன். சட்டக் கல்லூரி ஆசிரியை, நனைந்த சேலையோடு, வெறுங்காலோடு, ஒட்டடைக் கம்பில் வேட்டி கட்டித் தூக்கிக்கொண்டு ஸ்ரீவராகத் தெருவில் நடந்துவந்தேன். மாமி வாசலில் நின்று பார்த்தாள். அக்கா கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார்.

அப்பா தலையைத் தூக்கினார்.

நான் நின்றேன். வேட்டி நனைந்து கனத்தது. அவர் வலதுகை மடியிலிருந்து எழுந்தது. ஆள்காட்டி விரல் மெதுவாக மடங்குவதை நான் பார்த்தேன். அவர் கையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டு வாசல், என் அப்பா. இருந்தும் கம்பைப் போட்டுவிட்டு ஓடத் தோன்றியது. அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நொடி முழுசாகத் தெரிந்தது.

விரல் அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்தது.

"சுடாதீங்க!" என்று அப்பா கத்தினார். அந்த ஒடுங்கிய உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ. "ஒருத்தனும் சுடப்பிடாது! வெள்ளை காட்டியிருக்கான்! கண்ணு தெரியலியா?"

நாற்காலியைப் பிடித்து எழுந்தார். படியில் தடுமாறி இறங்கினார். அக்கா தாங்கப் போனபோது கையை உதறினார். தூறலில் வெறுங்காலோடு நடந்து என்னிடம் வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் திரும்பி நின்று, முதுகை எனக்குக் காட்டி, எங்கள் வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். வராந்தாவிலும் ஜன்னலிலும் மாடியிலும் அவருக்கு மட்டும் தெரிந்த துப்பாக்கிகளுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். எலும்பு தெரியும் அந்த முதுகில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சுடுவதற்கு யாரும் இல்லை என்று நிச்சயமாகும்வரை அசையவில்லை.

அப்புறம் திரும்பினார். "வா மக்களே. பயப்படாத. நான் இருக்கேம்லா," என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் பெற்ற பிள்ளையைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், பெறாத பிள்ளையையும்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். நாற்காலியின் முதுகில் கிடந்த துண்டால் என் தலையைத் துவட்டினார். கம்பை வாங்கிச் சுவரில் பத்திரமாகச் சாய்த்தார், துணி தரையில் படாமல். கஞ்சியை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார்.

"குடி," என்றார். "மொதல்ல நீ."

குடித்தேன். ஆறிப்போயிருந்தது, உப்புக் கம்மி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் விழுங்குவதையே பார்த்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. பாதி குடித்ததும் பாத்திரத்தை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை.

"ஒனக்க பேரு?" என்று கேட்டார். "பேரு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டோம்."

என் பெயரைச் சொன்னேன். அவர் வைத்த பெயர்.

அப்பா என் முகத்தை எங்கோ பார்த்ததுபோலப் பார்த்தார். பிறகு, "எனக்க மகளுக்கும் இதே பேரு," என்றார்.

நான் ஈரச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுரு," என்றார். "உயிரோட இருக்கேன், நல்லா இருக்கேன்னு. ஒனக்க அப்பன் பாத்துக்கிட்டே இருப்பாரு."

"எழுதுறேன்," என்றேன்.

"மறந்துராத," என்று சொல்லிவிட்டு, மிச்சக் கஞ்சியை அப்பா குடித்தார்.